றம்பொடை – லபுக்கலைப் பாதையில் கார் நின்றால் கவனம்! என் 86,500 ரூபா போச்சு

இன்று பின்நேரம்தான் உண்மை தெரிய வந்தது. கோபம் ஆறட்டும், நாளைக்கு எழுது என்றாள் தங்கச்சி. ஆறினால் எழுத மாட்டேன். 86,500 ரூபா. ஒரு வருஷம் கட்டி எடுத்த சீட்டுக் காசை, கார் திருத்த வந்தவன் ஏமாற்றி வாங்கிவிட்டான். நம் பக்கத்தில் கார் வைத்திருக்கிற யாரும் இந்தக் குழியில் விழக்கூடாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் அம்மாவைக் கண்டி பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் காட்டிவிட்டு நானுஓயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கம்பளை தாண்டும்போதே மீட்டரில் சிவப்பாகப் பெட்டரி லைட் எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. கார் வழக்கம்போல ஓடியதால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புசல்லாவையில் மழை. றம்பொடைக்கு வரும்போது இருட்டி, பனிமூட்டமும் இறங்கிவிட்டது. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படிகிற பனிக்கு ஃபேன் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். லபுக்கலை ஏற்றத்தில் முதலில் வைப்பர் இழுத்து இழுத்து நகர்ந்தது. பிறகு ஹெட்லைட் மஞ்சளாகி மங்கியது. மீட்டரில் இருந்த அத்தனை லைட்டும் ஒரேயடியாக எரிந்தன, ஸ்டியரிங் இறுகியது, என்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். ஹஸார்ட் லைட்கூட வேலை செய்யவில்லை. அந்த வளைவில் பின்னால் ஒரு லொறி வந்தால் என்ன கதி? அம்மாவை இறக்கி ஓரத்து மதகில் உட்கார வைத்துவிட்டு, போன் டோர்ச்சை ஆட்டிக்கொண்டு ரோட்டில் நின்றேன்.

போனில் தேடியதில் ஒரு விளம்பரம் வந்தது. வாகனம் விற்க, வாங்க, திருத்த எல்லாரும் பார்க்கிற ஒரு தளம். பெயர் எழுதப் போவதில்லை. "நின்ற இடத்துக்கே வருவோம், 24 மணித்தியாலமும்" என்று போட்டு, ஐந்து நட்சத்திரமும் இருந்தது. எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒருவன் த்ரீவீலில் வந்து இறங்கினான்.

இறங்கியதும் காரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான். தன் ஜக்கெட்டைக் கழற்றி அம்மாவின் தோளில் போட்டான். பிளாஸ்கில் இருந்து இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான். "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று கேட்டான். அம்மா சொன்னதும், "அட, எங்க அத்தைய அந்தத் தோட்டத்து மேல் டிவிசன்லதாம்மா கட்டிக் குடுத்திருக்கு" என்றான். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்ம புள்ளடி, பயப்படாத" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அந்த நேரம் அப்படித்தான் இருந்தது. குளிரில் நடுங்குகிற வயசான மனுசிக்குத் தேத்தண்ணி கொடுத்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு பொனட்டைத் திறந்தான். கையில் வோல்ட் பார்க்கிற மீட்டர் இல்லை. குனிந்து மோந்து பார்த்து, "கருகின வாசம் வருது டீச்சர்" என்றான். எனக்கு எந்த வாசமும் வரவில்லை. கார் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்டனேட்டர் எரிந்துவிட்டதாம். அதனால் என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்பியூட்டர் பெட்டியும் அடிபட்டதாம். பெட்டரிக்குள்ளே தட்டு வெந்துவிட்டதாம். பெட்டரி வாங்கி எட்டு மாதம்தானே என்றேன். "எட்டு நாள் பெட்டரியா இருந்தாலும் இதுக்குத் தாங்காது டீச்சர்" என்றான். அந்த இடத்திலேயே போனில் 50,000 ரூபா அனுப்பினேன். நான்கு நாள் கழித்துக் காரை எடுக்கும்போது 36,500 கையில் கொடுத்தேன். ஓல்டனேட்டர் ரெக்கண்டிஷன் 32,000, பெட்டரி 28,500, கம்பியூட்டர் பெட்டி 18,000, காரை இழுத்துப் போன டோவும் கூலியும் 8,000. மொத்தம் 86,500 என்று ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தான். அதில் கராஜ் பெயரும் இல்லை, சீலும் இல்லை.

பதினோராம் நாள் அதே சிவப்பு லைட்.

போன் எடுத்தேன். "கம்பளைல ஒரு வேலையில நிக்கிறேன் டீச்சர், பின்நேரம் வாறேன்." வரவில்லை. அடுத்த நாள், "கொழும்புல இருந்து சாமான் வரணும்." அதற்கடுத்த நாள், "நீங்க மழையில எல்லா லைட்டையும் போட்டு ஓட்டிருப்பீங்க." மழையில் லைட் போடாமல் இந்த மலையில் எப்படி ஓட்டுவது? காசைத் திருப்பிக் கேட்டேன். "கரண்டு சாமானுக்கு வாரண்டி இல்ல டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?" என்றான். அதோடு டீச்சரும் இல்லை, ஒன்றும் இல்லை, நம்பரை புளொக் பண்ணிவிட்டான். தங்கச்சி போனில் எடுத்தால் வேறு யாரோ ரோங் நம்பர் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்தார். அந்தத் தளத்துக்கும் எழுதினேன். விளம்பரம் போடுவது மட்டும்தான் தங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஐந்து நட்சத்திரத்தோடு.

இன்று எங்கள் ஊரில் என் காரை முன்பு பார்த்த வயசான கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன். முதல் வேலையாக, என்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பெட்டரியில் வைத்தார். 12.1 வோல்ட். "ஓடும்போது 13.8இல இருந்து 14.4 வரைக்கும் காட்டணும்மா. இது சார்ஜே ஆகல" என்றார். ஓல்டனேட்டர் வெள்ளிப் பெயின்டில் பளபளவென்று இருந்தது. பெற்றோல் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். பெயின்ட் துணியோடு வந்தது, அடியில் பழைய கறுப்பு. பிறகு ஒரு போல்ட்டைத் தொட்டுக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் பெல்ட் மாற்றும்போது அந்த இடத்துக்குச் சரியான வாசர் கிடைக்காமல், அவரே ஒரு பித்தளை வாசர் போட்டிருந்தார். அந்த வாசர் அங்கேயே இருந்தது. அதன் மேலேயும் வெள்ளிப் பெயின்ட்! 32,000 ரூபா வாங்கியவன் அந்த ஓல்டனேட்டரைக் கழற்றக்கூட இல்லை. இருந்தபடியே பெயின்ட் அடித்துவிட்டான். உள்ளே கரண்டைக் கடத்துகிற இரண்டு காபன் பிரஷும் தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் மிச்சம். மாற்ற, கூலியோடு 3,800 ரூபா. நோய் அவ்வளவுதான். கம்பியூட்டர் பெட்டியின் ஸ்குரூ எதிலும் ஒரு கீறல் இல்லை, மேலே தூசு அப்படியே.

பெட்டரிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் போட்டது புது ஸ்டிக்கர் ஒட்டிய பழசு. என்னுடைய நல்ல பெட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டான். சார்ஜ் இறங்கியிருந்ததே தவிர அதில் ஒரு குறையும் இருந்திருக்காது என்கிறார் பாஸ். இப்போது இன்னொரு பெட்டரியும் வாங்க வேண்டும்.

என் சித்தி இன்னும் கொழுந்து பறிக்கிறார். 2024இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தேன். 86,500 என்றால் 64 பேர், அதாவது 64 முழு நாள் வேலை. அரைப் பேர் விழாமல், மழையில், அட்டைக்கடியில் 64 நாள். தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லித்தானே வாங்கினான்!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு சரியில்லை. சிவப்புப் பெட்டரி லைட் வந்தால் அடுத்த டவுனிலேயே நிறுத்துங்கள், ஏற்றத்துக்கு ஏறாதீர்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேசுகிறவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். காரை விடுமுன் பெட்டரியின் இலக்கத்தைப் போட்டோ எடுங்கள். கழற்றிய சாமானைக் கையில் கேளுங்கள். பில் கேளுங்கள், கொப்பித் தாள் வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இலக்கம் 1977. ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் நாளைக் காலையில் அனுப்புகிறேன்.

இன்னொன்று. என் பெட்டரியின் கைப்பிடியில் தம்பி சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தான், மூன்று சுற்று. வாரண்டி காட் என்னிடம் இருக்கிறது. புசல்லாவையில் இருந்து நுவரெலியா வரைக்கும் யாராவது அப்படி ஒரு பெட்டரியைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால், அல்லது விற்க வைத்திருப்பதைப் பார்த்தால், தயவுசெய்து இன்பொக்ஸில் சொல்லுங்கள்.