கேபிளை விட்டு ஓடிடிக்கு மாறிய வீடு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"கேபிளைக் கட் பண்ணிட்டு ஓடிடி மட்டும் வச்சுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நெட்டில் ஓடும் இந்த வீடியோ ஆப்களுக்குத் தாராளமாக மாறலாம், ஆனால் பணம் மிச்சமாகும் என்று நினைத்து மாறாதீர்கள். நாங்கள் மாறி சில வருடங்கள் ஓடிவிட்டன. கேபிளுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. அதே சமயம், நாலு பேருக்கு அடித்துச் சொல்லி மாற்றிவிடும் அளவுக்கு உற்சாகமும் இப்போது இல்லை.

எங்கள் வீட்டு நிலவரம்: திண்டுக்கல்லில் சொந்த வீடு, ஹாலில் 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி, 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் நெட். பார்ப்பவர்கள் அம்மா, மனைவி, பள்ளியில் படிக்கும் பையன், பிறகு நான். இந்த வரிசையில்தான் ரிமோட்டும் கைமாறும்.

மாறியதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேபிளுக்குப் புதுக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் சொச்சம். கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடு என்பது ஏட்டில். நடைமுறையில் ஆபரேட்டர் போட்டுக்கொடுத்த பேக்கைத்தான் தெருவே எடுத்தது. அதற்குள் ஹாட்ஸ்டார் (2015), நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ (இரண்டும் 2016), சன் நெக்ஸ்ட் (2017) எல்லாம் வந்து, ஜியோ புண்ணியத்தில் செல்போனுக்குள் உட்கார்ந்திருந்தன. ஹாலுக்கு அவை வந்தது கொரோனாவில். 2020 மே மாதக் கடைசியில் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டர் பக்கமே போகாமல் நேராக பிரைமில் வந்தபோது, புதுப்படத்தை ஆறு இன்ச் திரையில் பார்ப்பதா என்று வீட்டில் கேள்வி எழுந்தது. ஸ்மார்ட் டிவி வந்தது. கொஞ்ச நாளில் செட்டாப் பாக்ஸ் பரண் ஏறியது.

முதலில் படுத்தி எடுத்தது நெட். படம் நின்று நின்று சுற்றும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "சார், உங்க லைன்ல ஸ்பீடு முழுசா வருது" என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கும் அறையில். டிவி ஹாலின் அந்தக் கோடியில். நடுவில் பழைய செங்கல் சுவர் இரண்டு. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் போட்டால் பக்கத்து வீடுகளின் வைஃபையோடு மல்லுக்கட்டு. கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவர் ஓரமாக கேசிங் அடித்து, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் ஒயரை (நெட் கேபிள்) இழுத்து டிவியின் பின்னால் சொருகியதோடு தொல்லை ஒழிந்தது. இத்தனை வருடத்தில் இந்த விஷயத்துக்காக நான் செய்த செலவுகளில் இதுதான் உருப்படியானது.

நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்குப்படி முழு ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 போதும். ஆக 100, 200 என்று திட்டத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பிரயோசனம் இல்லை. டிவி வரைக்கும் சீராக வருகிறதா என்பதுதான் விஷயம். வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். நம் நெட்டின் நிலையைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் வாங்குவது என்று ஆப் முடிவு செய்யும். படம் ஆரம்பிக்கும்போது கொஞ்சம் மங்கலாக வந்து பிறகு பளிச்சென்று ஆவது இதனால்தான். டிவி கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். டேட்டாவுக்கு வரம்பு இருக்கும் திட்டம் என்றால் மட்டும் கவனம் தேவை: ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கேவில் 7 ஜிபி வரை இழுக்கும்.

இன்னொன்று, கரண்ட். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, டிவி அதில்தான் ஓடுகிறது. ஆனால் ரவுட்டர் இருந்த பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. கரண்ட் போனால் டிவி மட்டும் எரிந்துகொண்டு 'இணைய இணைப்பு இல்லை' என்று காட்டும். ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்றை வாங்கிப் போட்டேன். சரியாகிவிட்டது. சரியாகாதது ரோடு தோண்டுவது. பாதாளச் சாக்கடை வேலையில் ஃபைபரை அறுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் வீட்டில் டிவி, வேலை, பையனின் ஆன்லைன் டியூஷன் எல்லாம் மொத்தமாகப் படுத்துவிட்டது. மாதக்கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷை மொட்டை மாடியில் வைக்கச் சொல்லி அம்மா அன்றைக்குத்தான் ஆரம்பித்தார். யோசனை தப்பில்லை, செய்தியும் மழை நிலவரமும் அதில் வந்துவிடும்.

டிவி விஷயத்தில் கடைக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்மார்ட் டிவியின் திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் மூளை மூன்று வருடத்தில் கிழடாகிவிடும். எங்களுடையது 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ். முதல் வருடம் ஓடினான், இரண்டாம் வருடம் நடந்தான், அப்புறம் ஒரு ஆப்பைத் திறந்துவிட்டுக் காபி போட்டு வரலாம். டிவியை மாற்றாதீர்கள், டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் சொருகி ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்கினால் போதும். அதையும் பெயர் தெரியாத மலிவு பாக்ஸாக வாங்கக் கூடாது. நண்பர் ஒருவர் அப்படி வாங்கினார். யூடியூப் 4கேவில் ஜொலிக்கிறது, கட்டண ஆப்களில் மட்டும் பழைய விசிடி மாதிரி படம். காரணம் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு முறை. அதில் மேல்நிலையான எல்1 சான்று இல்லாத, கீழ்நிலையான எல்3 மட்டும் உள்ள கருவிக்குப் பெரும்பாலான ஆப்கள் 480பிக்கு மேல், அதாவது ஹெச்டி அளவுக்கு, தரம் தராது. டப்பாவில் '4கே அல்ட்ரா ஹெச்டி' என்று எத்தனை பெரிதாக அச்சடித்திருந்தாலும் இதுதான் கதி.

அம்மாவின் கதை தனி. கேபிளில் சேனல் நம்பரைத் தட்டினால் சேனல் வரும். புது ரிமோட்டில் நம்பர் பட்டனே கிடையாது. "ஏன்டா, நம்பர் இல்லாத ரிமோட்டெல்லாம் ஒரு ரிமோட்டா?" என்றார். முதல் இரண்டு மாதம் சீரியல் நேரத்தில் யாராவது ஒருவர் ஹாலில் இருந்தாக வேண்டும். ஆப்பைத் திற, எந்த ப்ரொஃபைல் என்று கேட்கும் அதைத் தாண்டு, விளம்பரப் பதாகையைத் தாண்டு, கீழே இறங்கு, 'தொடர்ந்து பார்க்க' வரிசையைப் பிடி. எழுபது வயதைத் தாண்டியவருக்கு இது அநியாயம். நிலைமையை மாற்றியது மைக் பட்டன். தமிழில் சீரியல் பெயரைச் சொன்னால் வந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகு எங்களில் யாரும் அவருக்குத் தேவைப்படவில்லை. டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாராக இருந்த காலத்தில் சந்தா கட்டியவர்களுக்கு அன்றைய எபிசோட் டிவியில் வருவதற்கு முன்பே ஏறிவிடும். அம்மா காலையிலேயே பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் "இன்னைக்கு அவ கர்ப்பம் இல்லைன்னு தெரிஞ்சுடும் பாரு" என்பார். அந்த அக்கா சாயங்காலம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார்.

ஆனால் உண்மையைச் சொன்னால், ஹால் டிவியில் அதிகம் ஓடுவது எந்தக் கட்டண ஆப்பும் இல்லை, யூடியூப்தான். அம்மாவுக்குப் பட்டிமன்றம், கும்பாபிஷேக நேரலை. மனைவிக்குச் சமையல், செடி வளர்ப்பு. பையனுக்கு ஏதோ ஒருவன் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது. நம் வீட்டில்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 2025 மே மாதத்துக்கு, யார் என்ன பார்க்கிறார்கள் என்று அளக்கும் நீல்சன் நிறுவனம் வெளியிட்ட கணக்கில், டிவி பார்க்கும் நேரத்தில் ஸ்ட்ரீமிங் 44.8 சதவீதம், ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்தே 44.2. மொத்த நேரத்தில் யூடியூபின் பங்கு மட்டும் 12.5 சதவீதம், வேறெந்தச் சேவையையும்விட அதிகம். ஆக, நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்ப்பது என்பதை நிஜமாகத் தருகிறவன் சந்தா கேட்காதவன்தான். சினிமாக் கம்பெனிகள் கொட்டும் கோடிகளுக்கு இதில் என்ன பங்கு என்று சில நாள் யோசிப்பதுண்டு.

கிரிக்கெட்டுக்கு வருவோம். இங்கேதான் ஓடிடி தோற்கிறது. எதிர் வீட்டில் டிஷ் ஆன்டெனா. அங்கே கூச்சல் கிளம்பும்போது எங்கள் டிவியில் பவுலர் இன்னும் ஓட ஆரம்பித்திருக்க மாட்டான். துண்டு துண்டாக வெட்டி, அனுப்பி, சேர்த்துக் காட்டுவதால் அரை நிமிடம் வரை பின்தங்குகிறது. டெக்னாலஜி வளர வளர இது குறையும் என்கிறார்கள், குறைந்தும் வருகிறது. அடிப்படைச் சிக்கல் வேறு. சாட்டிலைட் ஒளிபரப்பு கோயில் ஒலிபெருக்கி மாதிரி: பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இணையத்திலோ ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாக வீடியோ போனது சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அவரவர் நேரத்தில் பார்ப்பதற்காகக் கட்டிய வழியில் ஒரே நொடியில் நாடே பார்க்கும் ஒன்றைத் திணிக்கிறோம். சொந்த ஃபைபர் வலை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒரே ஓடையைப் பலருக்கும் பிரித்துத் தரும் மல்ட்டிகாஸ்ட் முறையில் சேனல்களைத் தருவது இதற்கு நல்ல மாற்று. அது கிட்டத்தட்ட கேபிள்தான், பெயர் மட்டும் வேறு.

இப்போது காசு. 2021 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்ட் திட்டம் 649லிருந்து 499 ஆக இறங்கியது. அதே மாதம் பிரைம் வருடச் சந்தா 999லிருந்து 1,499 ஆக ஏறியது. பிறகு எல்லாரும் ஒரே திசையில்தான் நடக்கிறார்கள். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் வேறு வீட்டுக்குப் பாஸ்வேர்டு பகிர்வதை நிறுத்தியது. சென்னையில் இருக்கும் தம்பியோடு பங்கு போட்ட ஏற்பாடு அன்றோடு முடிந்தது. 2025 ஜூனில் பிரைம் வீடியோவில் விளம்பரம் வந்தது. விளம்பரம் வேண்டாமென்றால் வருடத்துக்கு 699 கூடுதல். அதற்கு முன் பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. 2025 விலையில் கூட்டிப் பாருங்கள்: பிரைம் விளம்பரமில்லாமல் 2,198; நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்ட் பன்னிரண்டு மாதத்துக்கு 5,988. இரண்டுக்கே 8,186 ரூபாய். நெட் கட்டணம் தனி. மாதம் 300 ரூபாய் கேபிள் பேக் என்றால் வருடத்துக்கு 3,600தான். விளம்பரம் இல்லை, வேண்டாததையும் சேர்த்து பேக்காகத் தலையில் கட்ட மாட்டார்கள் என்றுதானே இங்கே வந்தோம்? இரண்டும் பின்னாலேயே வந்துவிட்டன.

நான் கண்ட வழி, ஒரு நேரத்தில் ஒரு மாதச் சந்தா. ஒன்றில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவது. புதுத் தமிழ்ப் படங்கள் பலவும் தியேட்டருக்கு வந்து சில வாரத்தில் எங்காவது வந்துவிடுகின்றன, அவசரமே இல்லை. ஆட்டோபேயை மட்டும் கட்டாயம் அணைத்து வையுங்கள். ஒரு ஆப்பில் நான் ரத்து செய்த பிறகும் அடுத்த மாதப் பணத்தை எடுத்தார்கள். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

எரிச்சலான விஷயம் ஒன்று மிச்சம். பிறகு பார்க்கலாம் என்று பட்டியலில் போட்டு வைப்போம். ஒருநாள் தேடினால் இருக்காது. உரிமம் முடிந்துவிட்டது, வேறு ஆப்புக்குப் போய்விட்டது, அல்லது எங்குமே இல்லை. அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அப்பா நினைவு நாளன்று அம்மா கேட்டார். கையில் இருந்த கட்டண ஆப் எதிலும் இல்லை. யூடியூபில் கீறல் விழுந்த பிரிண்டில் பார்த்தோம். ஆயிரக்கணக்கான தலைப்புகள் என்று விளம்பரம் செய்பவர்கள், பழைய தமிழ்ப் படங்களின் நல்ல பிரதிகளுக்குக் கொஞ்சம் செலவழித்தால் எங்கள் வீட்டுச் சந்தா வருடம் முழுக்க நிற்கும்.

இனி எப்படிப் போகும்? என் கணிப்பில், சேனல் என்ற ஏற்பாடு சாகாது, இணையத்துக்குள் குடிபெயரும். பிரிட்டனில் 2007 கிறிஸ்துமஸ் அன்றே, தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் தரும் ஐபிளேயரை முழுவீச்சில் தொடங்கிய பிபிசி, 2024இல் மற்ற ஒளிபரப்பாளர்களோடு சேர்ந்து ஃப்ரீலி என்ற சேவையைக் கொண்டுவந்தது. ஆன்டெனா இல்லாமல் வைஃபையிலேயே நேரலைச் சேனல்கள், பாதியில் வந்தால் நிகழ்ச்சியை முதலிலிருந்து பார்க்கும் வசதி, மாதக்கட்டணம் இல்லை. தூர்தர்ஷனை நடத்தும் நம் பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற ஆப்பை வெளியிட்டது. எங்கள் தெருவுக்கு வந்தால், பழைய கேபிள் அண்ணன்தான் இப்போது ஃபைபர் இணைப்புக்கும் ஆள். அதே டிவிஎஸ், அதே கம்பி வளையம் தோளில், பில் மட்டும் போனில் வருகிறது.

போன வாரம் அவர் அம்மாவிடம், "நெட்டோட சேர்த்து சேனலும் தர்றோம்மா, பத்துப் பதினைஞ்சு ஆப்பும் வரும், ஒரே பில்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, ரிமோட்டில் நம்பர் இருக்குமா என்பது. இருக்குமாம். இப்போதைய நெட்டின் வருடத் திட்டம் முடிந்ததும் அதைத்தான் எடுப்பதாக இருக்கிறேன். அந்தப் பத்துப் பதினைந்தில் நெட்ஃபிளிக்ஸ் இல்லை, அது வழக்கம்போல மாதக்கணக்கில்.