கட்டிலோர அலாரம் ரேடியோ: கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் 2019லிருந்து

கைப்பேசியிலேயே அலாரம் இருக்கும்போது தனியாக ஓர் அலாரம் ரேடியோ எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். 2019 கடைசியில் வாங்கியது, இன்றுவரை என் தலைமாட்டில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். பிராண்ட் பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த மாடல் இப்போது கடைகளில் வருவதில்லை. பெயரைவிட உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது.

முதலில் நம் ஊர்க் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7 மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான். 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள், அன்றிலிருந்து உச்சிவேளையே நமக்கு மதியம் ஒரு மணியை ஒட்டித்தான் வருகிறது. பள்ளிக்கூட மணி மட்டும் ஏழரை வாக்கில் அடித்துவிடும். ஆக, பிள்ளையை எழுப்புவது, குளிக்க வைப்பது, பசியாற வைப்பது, உச்சி வகிடு எடுத்துப் பின்னல் போடுவது எல்லாமே இருட்டில் நடக்க வேண்டியவை. ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து எழுப்பிவிடும் என்று இங்கே யாரும் காத்திருக்க முடியாது. உடம்பு இன்னும் ராத்திரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு சத்தம்தான் நம்மை எழுப்பியாக வேண்டும், அது எந்த மாதிரிச் சத்தம் என்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்.

மனிதக் குரலாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பீப் பீப் என்று அடித்தால் நெஞ்சு திடுக்கென்று அடித்துக்கொள்ளும், கை தானாகப் போய் அமுக்கும், மறுபடி கண் மூடும். ரேடியோ அப்படியில்லை. யாரோ தமிழில் பேசுவது முதலில் அரைகுறையாகக் காதில் விழும், என்ன சொல்கிறார் என்று மனம் தேடத் தொடங்கும், தேடத் தொடங்கிவிட்டாலே பாதித் தூக்கம் போய்விடும். அதுவும் காலை நேர அறிவிப்பாளர்கள் அடிக்கடி மணி சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கண்ணைத் திறக்காமலே இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் 92.3 மின்னல்தான் எழுப்புவது. அம்மாவுக்கு அது இன்னமும் ‘ரேடியோ ஆறு’, பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆனாலும் அவர் வாயில் அதுதான் வரும். மகளுக்கு 99.3 ராகா வேண்டும், அதை எழுந்து உட்கார்ந்த பிறகு மாற்றிக்கொள்வாள். அதில் இருவருக்கும் ஒரு சமாதானம் உண்டு.

இந்த இடத்தில், வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. ரேடியோ கேட்கும் ஒலி அளவும் அலாரத்தின் ஒலி அளவும் தனித்தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா காலத்து ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது, அதில் இரண்டுக்கும் ஒரே திருகுதான். ராத்திரி படுக்கும்போது மெல்லிசாக வைத்துப் பாட்டுக் கேட்பார், மறுநாள் அலாரமும் அதே மெல்லிசான சத்தத்தில் வரும், யாருக்கும் கேட்காது. அதை மனதில் வைத்துத்தான் இதைத் தேடி வாங்கினேன். இதில் அலாரத்துக்கென்று தனி அளவு உண்டு, அதுவும் சின்னதாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பக்கத்தில் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருக்கும் மனைவி முழிப்பதற்குள் நான் எழுந்து நிறுத்திவிட முடிகிறது. தாதி வேலை, ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் இரண்டு அலாரம் இருப்பதும் எங்களுக்கு அலங்காரம் இல்லை, தேவை. ஒன்று என்னுடையது, ரேடியோ. மற்றது அவருடையது, பீப். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க நாலு மணிக்கு எழும்போதும், தைப்பூசத்துக்குப் பத்துமலை கிளம்ப அர்த்த ராத்திரியில் எழும்போதும் மட்டும் இரண்டையும் சேர்த்து வைப்போம்.

அடுத்து அலைவரிசை பிடிக்கும் விதம். சக்கரம் திருப்பிப் பிடிக்கும் பழைய வகை வேண்டாம் என்பேன். கோலாலம்பூரில் எஃப்எம் நெரிசல் அதிகம், 92.3இல் மின்னல் என்றால் 92.9இல் ஹிட்ஸ் உட்கார்ந்திருக்கிறது. தூசி துடைக்கும்போது கை பட்டுச் சக்கரம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காலையில் பக்திப் பாட்டுக்குப் பதில் ஆங்கிலப் பாட்டுதான், அல்லது இரண்டும் இல்லாமல் வெறும் இரைச்சல். எண்ணை அமுக்கிப் பிடிக்கும் வகையில் அந்தத் தொல்லை இல்லை, ஞாபகத்தில் வைத்த இடத்திலேயே நிற்கும். ஏரியல் என்று பின்னால் தொங்கும் வெறும் வயரைச் சுருட்டிக் கட்டி வைக்காதீர்கள். எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர், அந்த வயர் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு நீட்டி இருந்தால்தான் நன்றாக இழுக்கும். எங்களுடையது அடுக்குமாடி, சுவர் எல்லாம் கம்பி போட்ட கான்கிரீட், கட்டிலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தபோது கரகரவென்று இருந்தது, ஜன்னல் சட்டத்தோடு நேராக நீட்டி ஒட்டிய பிறகு தெளிவு. ஏஎம் பக்கம் நான் போவதில்லை, எங்கள் அறையில் எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் போடுகிற இரைச்சல்தான் அதில் கேட்கிறது.

சரி, இனி மின்சாரம். என்னைப் பொறுத்தவரை அலாரம் ரேடியோவின் தரம் தெரிவது கரண்ட் போகும் இரவில்தான். நம் ஊர் இடி மின்னலுக்குப் பேர் போனது. மார்ச் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் சாயங்காலம் ஆனால் வானம் கறுத்துக் கொட்டும், ஓர் இடி விழுந்தால் வீட்டு மெயின் சுவிட்ச் தானே ட்ரிப் ஆகிவிடும். தெருவில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும், நம் வீட்டில் மட்டும் கரண்ட் இருக்காது. தூங்கிக்கொண்டிருந்தால் அது தெரியவே தெரியாது. காலையில் கடிகாரம் 12:00 என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

இதற்கு மாற்று ஏற்பாடு என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் அதில் தரம் பல உண்டு. பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன வட்டப் பேட்டரி இருக்கும், அது நேரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும், கரண்ட் திரும்பி வந்தால் மணி சரியாக இருக்கும், ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் அலாரம் அடிக்காது. பழைய ரேடியோக்களில் சதுரமான 9 வோல்ட் பேட்டரி போடுவோமே, அது கடிகாரத்தை ஓட்டும், ஆனால் அப்போது கடிகாரம் சரியாக ஓடாது, சில மணி நேரத்திலேயே பல நிமிடம் தள்ளிப் போய்விடும். மூன்றாவது வகையில் சாதாரண பென் டார்ச் பேட்டரி இரண்டு மூன்று போடலாம், கரண்ட் போனாலும் அலாரம் அடிக்கும். என்னுடையது இந்த வகை, வெளிச்சம் மட்டும் அணைந்துவிடும், பீப் சத்தம் வரும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். அலாரத்தை இரண்டு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுப் பிளக்கை உருவிப் பாருங்கள், அடித்தால் வாங்குங்கள். கடையிலேயே செய்து பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

பழைய கடிகார ரேடியோக்கள் சரியான நேரம் காட்டியதற்கும் மின்சாரம்தான் காரணம். சுவரில் வரும் மின்சாரம் திசை மாறி மாறி நொடிக்கு 50 முழுச் சுற்று அடிக்கும், அதை எண்ணித்தான் அவை நொடியைக் கணக்கிடும். அமெரிக்காவில் அது 60. எங்கள் சித்தப்பா அங்கே மகன் வீட்டுக்குப் போய் வந்தபோது அழகான மர நிறப் பெட்டி ஒன்று கொண்டு வந்தார். அந்த ஊர் 120 வோல்ட் பொருள் என்று தெரிந்து டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி மாட்டினார், ரேடியோ அருமையாகப் பாடியது, கடிகாரம் மட்டும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50ஐ 60 ஆக்காது. ராத்திரி பத்துக்குச் சரிசெய்து வைத்தால் காலை ஐந்து மணிக்கு அது 3:50 காட்டும். சில பெட்டிகளின் அடியில் 50/60 என்று ஒரு சுவிட்ச் இருக்கும், வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்தால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். இப்போது வருகிறவற்றில் நிறைய குவார்ட்ஸ், அதாவது உள்ளே இருக்கும் சின்னப் படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடுபவை, அவற்றுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. என்னுடையதும் குவார்ட்ஸ்தான், மாதத்துக்குச் சில நொடி தள்ளும், எப்போதாவது திருத்திக்கொள்வேன்.

வெளிச்சம் பற்றி மனைவியிடம் கேட்டால் பெரிய கட்டுரையே சொல்வார். நீல எண் வந்த கடிகாரம் ஒன்றை முன்பு அறையில் வைத்திருந்தோம், பகலில் பார்க்க அழகு, ராத்திரியில் அறை முழுக்க நீலம். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனினை அதிகம் அடக்குவது நீல ஒளிதான், சிவப்பு அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. இது சிவப்பு எண், வெளிச்சத்தை மூன்று படி குறைக்கலாம், கடைசிப் படியில் கண்ணாடி போடாத அம்மாவுக்கும் மணி தெரியும், தூங்குகிறவர் முகத்திலும் அடிக்காது. மனைவி பகலில் தூங்கும் நாட்களில் நான் திரைச்சீலை இழுத்து அறையை இருட்டாக்குவேன், அப்போதும் இதே படிதான்.

தம்பி கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் இருக்கிறான், என்னைப் பார்த்து அவனும் ஒன்று வாங்கினான். அவனுக்கு வந்த சிக்கல் எனக்கு வராதது. வார நாள், வார இறுதி என்று தனித்தனி அலாரம் வைக்கும் வசதி இதில் உண்டு, ஆனால் செய்தவர்கள் சனி, ஞாயிறுதான் விடுமுறை என்று முடிவு செய்துவிட்டார்கள். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டியவனை அது எழுப்பவில்லை, வெள்ளிக்கிழமை எழுப்பியது. தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். உண்மையான ஞாயிறு அதற்குத் திங்கள், உண்மையான வெள்ளி அதற்குச் சனி, எல்லாம் பொருந்திவிட்டது. தேதி தப்பாகக் காட்டும், அதை யார் கடிகாரத்தில் பார்க்கிறார்கள். கிளந்தான், திரங்கானுவில் இருப்பவர்களுக்கும் இதே வழி உதவும்.

இத்தனை வருடத்தில் என்னென்ன தேய்ந்தது என்றும் சொல்ல வேண்டும். மேலே இருக்கும், அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப் போடும் பெரிய ஸ்னூஸ் பொத்தான் தினமும் அடி வாங்கி, நடுவில் ஒரு சமயம் அமுக்கினாலும் கேட்காமல் போனது. ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் உதிரிப் பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே அதே அளவு சின்ன சுவிட்ச் சில காசுக்குக் கிடைத்தது, பற்றவைக்கத் தெரிந்த நண்பர் மாற்றித் தந்தார். ஒலித் திருகில் கரகரப்பு வந்தது, நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது வரத்தான் செய்யும், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்பியதும் போய்விட்டது. பேட்டரியை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றிவிடுகிறேன், ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடு பச்சையாகி அரித்துவிடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். ஸ்பீக்கர் சின்னது, பாட்டின் அடி ஒலி வராது, பேச்சுக்கு அருமை. பாட்டுக்காக வாங்குகிறவர்கள் வேறு பார்க்கலாம்.

குறை என்றால் எனக்கு இரண்டு. ஸ்னூஸ் ஒன்பது நிமிடம் என்று வைத்துவிட்டார்கள், மாற்ற வழியில்லை, எனக்கு ஐந்து போதும். இன்னொன்று பகல் சேமிப்பு நேரம் என்று ஒரு பொத்தான், இங்கே யாருக்கும் உதவாதது, அலாரப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டில் விரல் பட்டால் கடிகாரம் ஒரு மணி நேரம் குதிக்கும். அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், நீங்கள் வாங்கும் மாடலிலும் அந்தப் பொத்தான் வெளியே இருந்தால் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

விலை அன்று நூறு மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். கைப்பேசி இப்போது ராத்திரி முழுக்கக் கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது, மகளுடையதும் அங்கேதான். மனைவிக்கு மருத்துவமனையிலிருந்து அவசர அழைப்பு வரலாம் என்பதால் அவருடையதில் மட்டும் சத்தத்தைத் திறந்து வைக்கிறோம், கூடத்திலிருந்து அடித்தாலும் அறைக்குக் கேட்கிறது.