வந்த புதிதில் எந்த சிம் எடுப்பது?

போன சனிக்கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நம்மாட்களின் போன் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தம்பி, வந்து மூன்று கிழமைதான் இருக்கும். "அண்ணா, ஆகக் குறைஞ்ச விலையில ஒரு சிம் தாங்கோ" என்றான். கடைக்காரர் நாலைந்து பாக்கெட்டை எடுத்து மேசையில் பரப்பினார். தம்பி ஒவ்வொன்றிலும் விலையை மட்டும் பார்த்தான். நானும் வந்த புதிதில் அதைத்தான் செய்தேன். அதில் ஒரு போன் எண்ணையே தொலைத்தேன், பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் கையில் இருக்கும் காசு. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருப்பவருக்கு, 2024 ஜனவரியில் இருந்து அரசு தரும் காசு, வாரம் ஒன்றுக்கு 49 பவுண்ஸ் 18 பென்ஸ். சாப்பாடு தரும் ஹோட்டலில் வைத்திருந்தால் வாரத்துக்குப் பத்து பவுண்ஸ்கூட முழுதாக வராது. அந்தக் கணக்கில், மாதம் பத்து பவுண்ஸ் திட்டம் என்றால் ஒரு வாரக் காசு முழுக்கப் போனுக்கே போகிறது. வேலை செய்ய அனுமதி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. அரசு அந்தக் காசைப் போட்டுத் தரும் ஆஸ்பென் காட்டை நம்பி ஒன்லைனில் எதுவும் எடுக்க முடியாது.

ஆனால் போன் இல்லாமலும் இருக்க முடியாது. ஹோட்டலை விட்டு ஹோட்டல் மாற்றுவார்கள். இன்று குரோய்டனில் இருப்பவர் அடுத்த மாதம் ஸ்டோக்கில் இருப்பார். விலாசம் மாறிக்கொண்டே இருக்கும், சொலிசிட்டரிடமும் டொக்டரிடமும், விண்ணப்பத்தைப் பார்க்கும் ஹோம் ஒபிஸிடமும் கொடுத்த எண் மட்டும்தான் மாறாமல் இருக்க வேண்டும். விசா கிடைத்த பிறகும் இதே கதைதான். இப்போது பிளாஸ்டிக் காட் தருவதில்லை, எல்லாம் ஒன்லைன் கணக்கில் இருக்கும் ஈ-விசா. அந்தக் கணக்குக்குள் போகும்போது போனுக்கோ ஈமெயிலுக்கோ ஒரு கோட் வரும். ஆகவே எந்த சிம் என்று ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: காசாகக் கட்ட முடியுமா? காசு இல்லாத மாதத்தில் எண் போகாமல் தப்புமா? எத்தனை ஜிபி என்பது அதற்குப் பிறகு.

இந்த இரண்டு கேள்வியிலேயே ஒரு வகை உடனே விழுந்துவிடும். அதுதான் போனோடு சேர்த்து இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடும் கொன்ட்ராக்ட். கிரெடிட், அதாவது இங்கே கடன் கட்டிய வரலாறு, பார்ப்பார்கள், நமக்கு அது இருக்காது. வங்கியில் இருந்து மாதாமாதம் எடுப்பார்கள், வங்கியும் இருக்காது. "என் பெயரில் எடுத்துத் தாறன், நீ மாதாமாதம் காசைத் தா" என்று யாராவது சொந்தக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள். இரண்டு வருடத்தில் விலை ஏறும், உறவு இறங்கும். எண்ணும் சட்டப்படி அவருடையது, உங்களுடையது இல்லை.

அடுத்து ஸ்மார்ட்டி மாதிரியான மாதாந்த சிம்கள். விலை நல்லது, கொன்ட்ராக்ட் இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் மாதாமாதம் வங்கிக் காட்டில் இருந்து தானாக எடுப்பார்கள். விசா கிடைத்து வங்கிக் கணக்கும் திறந்த பிறகு இதை யோசிக்கலாம், இப்போது வேண்டாம். இன்னொரு பொறியும் இதில் இருக்கிறது. ஸ்மார்ட்டி ஓடுவது த்ரீ நெட்வேர்க்கில். பழைய போன்கள் கோலுக்குப் பாவிப்பது 2ஜியும் 3ஜியும்தான்; த்ரீயிடம் எந்தக் காலத்திலும் 2ஜி இருந்ததில்லை, 3ஜியையும் மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்த போன் அவர்களுடைய 4ஜியில் குரல் அழைப்பை எடுக்காத மொடல் என்றால், வாட்ஸ்அப் ஓடும், சாதாரண கோல் போகாது, வராது. வாட்ஸ்அப் ஓடுவதால் இது உடனே விளங்காது. சொலிசிட்டர் எடுத்துப் பார்த்துவிட்டு "உங்கள் போன் அடிக்கவே இல்லை" என்று சொல்லும்போதுதான் தெரியவரும். எந்த சிம் எடுத்தாலும் போட்டவுடன் பக்கத்தில் நிற்பவரின் போனில் இருந்து ஒரு கோல் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையான போட்டி கடை மேசையில் இருக்கும் மூன்றுக்கு இடையில்தான்: லெபாரா, லைக்கா, கிஃப்காஃப். மூன்றுக்கும் கடையில் காசு கொடுத்து ரீலோட் வவுச்சர் வாங்கலாம், யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள், கிரெடிட்டும் பார்க்கமாட்டார்கள்.

லெபாராவும் லைக்காவும் நம்மாட்கள் தொடங்கியவை. லெபாரா என்ற பெயரே லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று பெயரின் முதல் எழுத்துகளால் ஆனது, 2001இல் தொடங்கினார்கள். லைக்காவை 2006இல் தொடங்கிய சுபாஸ்கரன் முல்லைத்தீவுக்காரர். அந்தப் பெருமையை ஒரு பக்கம் வைப்போம். லெபாராவைத் தொடங்கியவர்கள் 2017இலேயே விற்றுவிட்டார்கள். சிம் எடுக்கும்போது இனப்பற்று வேண்டாம்.

இவை இரண்டின் பலம் வெளிநாட்டு நிமிடங்கள். ஆனால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் "இன்டர்நேஷனல்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நாட்டுப் பட்டியலைத் தேடி எடுத்து அதில் இலங்கை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியா இருக்கும், இலங்கை இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் லேண்ட்லைனுக்கு மட்டும் என்று இருக்கலாம், மொபைலுக்கு வேறு கணக்காக இருக்கலாம். பட்டியலில் இல்லை என்றால் நிமிடத்துக்கு நிமிடம் மீதிக் காசை வெட்டும். அம்மாவோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டு வைத்தால் வவுச்சர் காலி.

அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருந்தால் இந்த நிமிடங்களே தேவையில்லை. வாட்ஸ்அப்பிலோ வைபரிலோ குரலில் மட்டும் கதைத்தால் ஒரு மணி நேரத்துக்கு சில பத்து எம்பிதான் போகும். முகம் பார்த்துக் கதைத்தால் சில நூறு எம்பி. அதையும் ஹோட்டல் வைஃபையில் கதைத்துக்கொள்ளலாம். அங்கே அம்மாவிடம் டேட்டா முடிந்திருந்தால் இங்கிருந்தே யாரையாவது பிடித்து அவருடைய இலங்கை டயலொக் எண்ணுக்கு ரீலோட் போட்டுவிடலாம், அது இங்கிருந்து நிமிடக் கணக்கில் கோல் எடுப்பதைவிட மலிவு. அம்மாவிடம் பட்டன் போன் மட்டும் என்றால்தான் லெபாராவும் லைக்காவும் உண்மையில் முன்னுக்கு வருகின்றன.

கிஃப்காஃபுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. ஓ-டூ நெட்வேர்க்கில் ஓடுகிறது, திட்டமும் எளிமை, முப்பது நாள் முடிந்தால் அடுத்ததை வாங்கலாம், வாங்காமலும் விடலாம். அவர்களிடம் போனில் கதைக்க ஆளே கிடையாது, எல்லாம் ஒன்லைனில் எழுதித்தான் கேட்க வேண்டும். இங்கிலிஷ் தட்டுத் தடுமாறும் ஆளுக்கு இது குறை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எனக்கு வசதியாகவே இருந்தது. போனில் வேகமாகக் கதைப்பவரிடம் "பார்டன்" என்று நாலு தரம் கேட்பதைவிட, எழுதி வருவதை மொழிபெயர்ப்பில் போட்டு வாசிப்பது நிம்மதி. மற்ற இரண்டுக்கும் அந்த உதவியைக் கடைக்காரரே தமிழில் செய்துவிடுவார், அதுவும் உண்மை.

சிக்னலில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. லெபாரா ஓடுவது வோடஃபோன் நெட்வேர்க்கில், லைக்கா ஈஈயில், கிஃப்காஃப் ஓ-டூவில். உங்கள் அறையில், உங்கள் கட்டிலில் எது பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் பக்கத்துக் கட்டில்காரரின் போனைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

விலையில் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். முதல் சில மாதம் பாதி விலை என்பார்கள், பிறகு முழு விலை. அந்தச் சலுகை பெரும்பாலும் ஒன்லைனில் காட் போட்டு எடுப்பவருக்குத்தான், வவுச்சர்காரருக்கு இல்லை. மற்றது நாள் கணக்கு. 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. பத்து பவுண்ஸ் திட்டத்துக்கு 120 என்று நினைத்திருப்பீர்கள், போவது 130. அப்புறம், வெறும் சிம் அட்டைக்கே ஐந்து பவுண்ஸ் கேட்கும் கடை இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். நிறுவனங்கள் அதைச் சும்மா தருகின்றன.

கடை மேசையில் இல்லாத நாலாவது ஒன்று இருக்கிறது, என் கணக்கில் முதல் இடம் அதற்குத்தான். குட் திங்ஸ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நேஷனல் டேட்டாபேங்க் என்று ஒன்றை நடத்துகிறது. ஓ-டூ, வோடஃபோன், த்ரீ ஆகியவை தானமாகக் கொடுக்கும் சிம்களை நூலகங்கள், சமூக நிலையங்கள் வழியாக வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். 18 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், காசு ஒன்றும் இல்லை, சில மாதங்களுக்கு டேட்டா வரும். நூலகத்தில் போய் "டேட்டாபேங்க் சிம்" என்று கேளுங்கள், அங்கே இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரேயொரு கவனம்: இலவசக் காலம் எப்போது முடிகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். முடிந்த பிறகு அதைக் கவனிக்காமல் விட்டால் எண் போய்விடும்.

இப்போது என் கதை. முதல் சிம் ஒரு நிறுவனத்துடையது, பெயர் வேண்டாம். நாலு மாதம் கழித்து வேறொன்று இரண்டு பவுண்ஸ் மலிவாகக் கிடைத்தது. பழையதைக் கழற்றி பர்ஸுக்குள் வைத்துவிட்டுப் புது எண்ணோடு திரிந்தேன். சொலிசிட்டரிடம் சொல்ல மறந்தேன். அவர் பழைய எண்ணுக்கே எடுத்திருக்கிறார், கடிதம் பழைய ஹோட்டலுக்குப் போயிருக்கிறது. தற்செயலாக ஒரு நாள் அவருடைய ஒபிஸுக்குப் போனபோதுதான் இன்டர்வியூவுக்கு ஆறு நாள் இருப்பது தெரிந்தது. ஓடிவந்து பழைய சிம்மைப் போட்டேன், சில மாதம் பாவிக்காததால் அதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

எண்ணை இப்படித் தொலைத்திருக்கத் தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2019 ஜூலை முதல் இந்த நாட்டில் எண்ணைக் கொண்டுபோவது மிகச் சுலபம். பழைய சிம்மில் இருந்து பி, ஏ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு இலவசமாக மெசேஜ் அனுப்பினால் ஒரு கோட் வரும், அது 30 நாள் செல்லும். அதைப் புது நிறுவனத்திடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் பழைய எண் புது சிம்முக்கு வந்துவிடும். பழையதை நீங்களாக ரத்துச் செய்யக் கூடாது, அது தானாக நிற்கும்.

கடையில் அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்ல நேரம் இருக்கவில்லை. "அம்மாட்ட என்ன போன்?" என்று மட்டும் கேட்டேன். "டச் போன்தான் அண்ணா, தங்கச்சி பழக்கி விட்டவள்" என்றான். சரி, கிஃப்காஃபை எடு, அதுவும் சின்னத் திட்டமாக எடு, திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய் டேட்டாபேங்க் கேள், கிடைத்தால் இந்த எண்ணையே அதற்கு மாற்ற முடியுமா என்று கேள் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அவர் கையில் அப்போது பெரிய திட்டத்தின் வவுச்சர் இருந்தது. பிறகு சிரித்துக்கொண்டே தம்பியின் போனை வாங்கி சிம்மைப் போட்டு, தன் போனில் இருந்து ஒரு கோல் கொடுத்தார். அடித்தது.