10,48,575 என்ற எண்ணைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்

பழைய சர்வரை மூடும் முன் டேட்டாபேஸ் முழுவதையும் சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த சாதாரண எழுத்து ஃபைலாக) எடுத்துத் தரும் வேலையை வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து ஒப்படைத்தேன். 40 டேபிள், 40 ஃபைல் வந்தது. இரண்டு மூன்றைத் திறந்தேன், எழுத்து எதுவும் உடையவில்லை, சரி என்று பணத்தைக் கொடுத்து சர்வரையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். எந்த டேபிளில் எத்தனை ரோ (பதிவு) என்று முன்னாடியே எண்ணி வைக்கவில்லை. அது என் முட்டாள்தனம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய பில்லைத் தேடினால் இல்லை. அப்புறம்தான் அந்த ஃபைலை எண்ணினேன்: தலைப்பு வரி போக 10,48,575. தலைப்பையும் சேர்த்தால் 10,48,576, எக்செல் ஷீட்டில் அதற்கு மேல் ஒரு வரிகூட ஏறாது! ஆக அந்த ஆள் எடுத்த ஃபைலை எக்செல்லில் திறந்து, தேதியையோ எதையோ சரிசெய்து, வந்த எச்சரிக்கையையும் மூடிவிட்டு அப்படியே சேவ் செய்திருக்கிறார். புது பில் மேலே வரும்படி அடுக்கியிருந்ததால் வெட்டுப்பட்டது எல்லாம் பழையது, அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. சுமார் 2.3 லட்சம் பில் காலி.

கேட்டால், "டேபிள் விவரத்துல 10 லட்சத்து சொச்சம்னுதான் சார் காட்டுச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில், இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் இருக்கும் டேபிளுக்கு அங்கே காட்டுவது வெறும் மதிப்பீடு, 40, 50 சதவீதம்கூடத் தவறலாம் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. மறுத்துப் பேச என்னிடம் கணக்கு இல்லையே.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், புதிதாக எதுவும் பதிவாகாமல் நிறுத்திவிட்டு ஒவ்வொரு டேபிளுக்கும் நீங்களே கவுன்ட் ஸ்டார், அதாவது எல்லா ரோவையும் எண்ணும் COUNT(*) கட்டளையை ஓட்டி எழுதி வையுங்கள். ஸ்டாருக்குப் பதில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரைக் கொடுத்தால், அதில் மதிப்பே இல்லாமல் நல் (NULL) என்று இருக்கும் ரோக்களை அது விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில், டேபிளை ஃபைலாக எடுக்கும் காப்பி (COPY) கட்டளை முடிந்ததும் எத்தனை ரோ போனது என்று அதுவே சொல்லும், அதையும் கேட்டு வாங்குங்கள். வந்த ஃபைலில் வெறும் வரிகளை எண்ணி ஏமாறவும் வேண்டாம், முகவரிக்குள் யாராவது என்டர் தட்டியிருந்தால் ஒரு ரோ மூன்று வரியாக நிற்கும், ரோ குறைந்திருப்பது தெரியாமலே போகும்.

அடுத்த வேலைக்குத் தள்ளுபடி தருகிறாராம். நாங்கள் இப்போது காகித ரசீதுகளைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறோம், இன்னும் 2 லட்சத்துக்கு மேல் பாக்கி.