“ரெக்கார்டிங் எங்கள் பொறுப்பு” என்றார்கள், 649 டாலர் போய்விட்டது

கலிஃபோர்னியாவில் சொந்த வீடு இருந்து, லிவிங் டிரஸ்ட் (நம் காலத்துக்குப் பிறகு சொத்து வாரிசுகளுக்குச் சுலபமாகப் போய்ச் சேர, உயிரோடிருக்கும்போதே எழுதும் அறக்கட்டளை) எழுதியவர்களும் எழுதப் போகிறவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். வீட்டை டிரஸ்ட்டுக்கு மாற்றும் பத்திரத்தைத் தயாரித்து, கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் (பத்திரங்களைப் பதிவு செய்யும் இடம்) பதிவும் செய்து தருவதாகச் சொன்ன ஓர் இணைய நிறுவனத்திடம் 649 டாலர் கட்டினோம். பத்திரம் தயாரிக்க 499, பதிவுக்கும் விரைவுச் சேவைக்கும் 150. ஐந்து மாதம் ஆகிவிட்டது. பத்திரம் பதிவாகவே இல்லை என்பது நேற்று கவுன்ட்டி கவுன்ட்டரில் நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. போனில் பேசியவர் விஷயம் தெரிந்தவர். குவிட்க்ளெய்ம் டீட் வேண்டாம், அதில் எழுதிக் கொடுப்பவர் தன் உரிமைக்கு எந்த உறுதியும் தருவதில்லை, வீடு வாங்கியபோது எடுத்த டைட்டில் இன்சூரன்ஸுக்கும் (உரிமையில் கோளாறு வந்தால் ஈடு தரும் காப்பீடு) சிக்கல் வரலாம், அந்த உறுதி உள்ள கிராண்ட் டீட் போடுங்கள் என்றார். சரியான பேச்சு. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறதே, பேங்க் முழுப் பணத்தையும் கேட்காதா என்றோம். கடன் வாங்கியவரே பயனாளியாக இருந்து அதே வீட்டில் குடியிருந்தால், டிரஸ்ட்டுக்கு மாற்றியதற்காக அப்படிக் கேட்க முடியாது, 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது என்றார். அதுவும் சரி. இவ்வளவும் சொன்னவர், “ரெக்கார்டிங் எங்கள் பொறுப்பு, கவுன்ட்டி பக்கமே நீங்கள் போக வேண்டாம்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கார்டு எண்ணைக் கொடுத்தோம்.

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு மூலப் பத்திரத்தை அனுப்பினோம். பத்து நாளில் “உங்கள் பத்திரம் சமர்ப்பிக்கப்பட்டது” என்று ஒரு எண்ணோடு மெயில் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தோம். அது அவர்களுடைய மென்பொருள் கொடுத்த அனுப்பீட்டு எண். கவுன்ட்டி பதிவு செய்தால் தரும் ஆவண எண் வேறு. இரண்டாம் மாதம் கேட்டால் “கவுன்ட்டியில் தேக்கம்.” மூன்றாம் மாதம் சாட்டில் “உங்கள் கோரிக்கை மேலதிகாரியிடம் போயிருக்கிறது.” நான்காம் மாதம் போனே எடுக்கவில்லை. கடைசியில், பத்திரம் தயாரித்துவிட்டால் பணம் திரும்ப வராது, பதிவுக்குத் தாங்கள் உத்தரவாதம் இல்லை என்று விதிமுறைகளின் ஒரு பத்தியை வெட்டி ஒட்டினார்கள். 150 டாலர் வாங்கியதே பதிவுக்கென்றுதானே!

கவுன்ட்டரில் இருந்தவர், எங்கள் பெயரைப் போட்டுப் பதிவு அட்டவணையில் தேடினார், ஒன்றுமில்லை. அதைச் சொல்லிச் சண்டை போட்ட பிறகுதான் நிறுவனம் இரண்டு நிராகரிப்புக் கடிதங்களை அனுப்பியது. ரெக்கார்டர் திருப்பி அனுப்பும் பத்திரம் அனுப்பியவருக்கே போகும், வீட்டுக்காரருக்கு வராது. இரண்டு கடிதமும் மாதக்கணக்கில் அவர்கள் கையில் இருந்திருக்கின்றன.

முதல் நிராகரிப்பு: சொத்து விவரம் ‘எக்ஸிபிட் ஏ’ என்ற இணைப்புத் தாளில் என்று எழுதிவிட்டு எக்ஸிபிட் ஏ-வை இணைக்கவே இல்லை. பத்திரத்தில் இருந்தது தெரு முகவரியும் பார்சல் எண்ணும்தான். பார்சல் எண் வரி அலுவலகத்தின் அடையாளம், அது சொத்து விவரத்துக்கு ஈடாகாது. லாட் (மனை) எண், டிராக்ட் (மனைப்பிரிவு) எண், மேப் புத்தகம், பக்கம் எல்லாவற்றையும் பழைய பத்திரத்தில் இருப்பதுபோல எழுத்து மாறாமல் எடுத்து எழுத வேண்டும். இரண்டாவது: கைமாற்று வரி அறிவிப்பு காலி. விற்பனை என்றால் கவுன்ட்டி வரி 1,000 டாலருக்கு 1.10 டாலர். பணம் கைமாறாமல் சொந்த டிரஸ்ட்டுக்கு மாற்றினால் வரி இல்லை, ஆனால் ஏன் இல்லை என்பதைப் கலிஃபோர்னியா வரிச் சட்டத்தின் பிரிவு 11930-ஐக் குறிப்பிட்டுப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். கூடவே, நோட்டரி முத்திரை ஸ்கேனில் மங்கல்.

ரெக்கார்டர் சுட்டிக்காட்டாத தவறுகள் இன்னும் மோசம். பெறுபவர் என்ற இடத்தில் டிரஸ்ட்டின் பெயர் மட்டும் இருந்தது, அதை நிர்வகிக்கும் டிரஸ்டியின் பெயரும் டிரஸ்ட்டின் தேதியும் இல்லை. வீடு வாங்கியபோது அப்பா பெயர் முழுதாகக் கடைசிப் பெயராக இருந்தது, இவர்கள் அதை இனிஷியலாகச் சுருக்கிவிட்டார்கள். நம் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். பழைய பத்திரத்தின் பெயரையும் சேர்த்து, அந்தப் பெயரில் சொத்தை வாங்கியவர் இவர்தான் என்று எழுதாவிட்டால் அட்டவணையில் தொடர்ச்சி அறுந்துவிடும், பின்னால் விற்கும்போது உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி விற்பனையை நிறுத்தி வைக்கும். உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவமும் வைக்கவில்லை, அதற்குத் தனியாக 20 டாலர் விழும். சொந்தக் குடியிருப்பு என்பதால் கட்டண விலக்கு என்ற வாசகம் முதல் பக்கத்தில் இல்லை, அதற்கு 75 டாலர்.

நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை அணுகாதீர்கள். அங்கே இரு தரப்பும் நேரில் போய் போட்டோவும் கைரேகையும் கொடுக்கிறோம். இங்கே ரெக்கார்டர் பார்ப்பது காகிதத்தின் வடிவத்தை மட்டும்தான். உள்ளே எழுதியது சட்டப்படி சரியா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதை அலட்சியமாக விட முடியாததற்குக் காரணம் புரோபேட், அதாவது இறந்தவரின் சொத்தைக் கோர்ட் மேற்பார்வையில் வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறை. டிரஸ்ட்டுக்குள் வராத வீடு புரோபேட்டுக்குப் போனால், 10 லட்சம் டாலர் மதிப்புக்கு வக்கீலின் சட்டப்படியான கட்டணமே 23,000 டாலர். உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டரும் அதே அளவு கேட்கலாம். கடனைக் கழிக்காமல் மொத்த மதிப்பின் மேல் கணக்கிடுவார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். ‘சமர்ப்பித்தோம்’ என்ற மெயிலை நம்பாதீர்கள், ஆவண எண்ணையும் பதிவுத் தேதியையும் கேளுங்கள், பிறகு கவுன்ட்டி அட்டவணையில் நீங்களே தேடுங்கள். வக்கீல் அல்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு பத்திரம் தயாரித்தால், கவுன்ட்டியில் பதிவு செய்த ஆவண உதவியாளரா, பதிவு எண் என்ன என்று முதலிலேயே கேளுங்கள். இவர்களிடம் கேட்டதற்குப் பதிலே இல்லை. மூலப் பத்திரத்தைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும், எக்ஸிபிட் உட்பட, ஸ்கேன் செய்து வையுங்கள். பணத்தைக் கார்டில் மட்டும் கட்டுங்கள்.

649 டாலருக்கும் கார்டு நிறுவனத்தில் புகார் போட்டாயிற்று. மூலப் பத்திரம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது, மூன்று மெயில் அனுப்பியும் திரும்ப வரவில்லை. வக்கீலிடம் புதிதாக எழுதி வாங்கி, மறுபடி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.