தாய்லாந்துக் கறி பேஸ்ட் பொதிகள் மூன்று: உறைப்புக் குறைத்துச் சமைப்போருக்கான மதிப்பீடு

கண்டியிலும் நுவரெலியாவிலும் உள்ள பெரிய சுப்பர் மார்க்கட்டுகளில், தாய்லாந்திலிருந்து வரும் கறி பேஸ்ட் பொதிகளைச் சோயா சோசுக்கும் நூடில்சுக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், மசமான் ஆகிய மூன்று வகைகளையும் வாங்கி, ஹட்டனில் எங்கள் வீட்டு அடுப்பில் சமைத்துப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். குடற்புண் காரணமாக உறைப்பைத் தவிர்க்க வேண்டிய அப்பாயியும், உறைப்புக்கு இன்னும் பழகாத பிள்ளைகளும், உறைப்பில்லாமல் சோறு இறங்காத பெரியவர்களும் எங்கள் வீட்டில் ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தப் பொதிகள் எந்த அளவுக்கு உதவும் என்பதே என் கேள்வியாக இருந்தது. கம்பனிக்குக் கம்பனி உள்ள வேறுபாட்டைவிட வகைக்கு வகை உள்ள வேறுபாடு பெரிது என்பதால், கம்பனியின் பெயரை இங்கே சொல்லவில்லை.

பொதியின் பின்புறத்தில் 50 கிராம் பேஸ்டுக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை தேங்காய்ப்பால் என்று அளவு போட்டிருக்கிறது. பச்சை வகையை அந்த அளவில் சமைத்தால் பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடமாட்டார்கள். எல்லோரும் உடனே செய்வது பேஸ்டைப் பாதியாகக் குறைப்பது, அல்லது பாலைக் கூட்டி ஊற்றுவது. அப்போது உறைப்பு குறைகிறது என்பது உண்மைதான்; ஆனால் மிளகாயும் எலுமிச்சைப் புல்லும் அரத்தையும் ஒன்றாகச் சேர்த்து அரைக்கப்பட்டிருப்பதால், உறைப்பு குறைகிற அதே அளவுக்கு வாசனையும் குறைந்து, கடைசியில் லேசான இனிப்புள்ள வெளுத்த பால்தான் சட்டியில் மிஞ்சுகிறது. தாய்லாந்துக் கறி சப்பென்று இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பேஸ்டைக் குறைப்பவர், குறைந்துபோன வாசனையைப் பச்சையான பொருள்களால் ஈடுசெய்தே ஆக வேண்டும். அவ்வாறு ஈடுசெய்த பிறகும் ஒரு பொதி தன் விலைக்குத் தகுந்த எதையாவது தருகிறதா என்பதை வைத்தே மூன்றையும் மதிப்பிட்டேன்.

வாங்குவதற்கு முன் பொதியில் உள்ள சேர்மானப் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. இத்தகைய பேஸ்டுகளில் உப்பு தாராளமாக இருக்கும். ஆகவே கறி கொதித்து முடியும்வரை உப்போ மீன் சோசோ சேர்க்காமல், கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பதே பாதுகாப்பானது. பல வகைகளில் அரைத்த இறாலும் கலந்திருக்கிறது. மரக்கறி பேஸ்ட் என்று நினைத்து வாங்கி வெள்ளிக்கிழமை விரதச் சமையலில் போட்டுவிடக் கூடாது என்பதால், மரக்கறி மட்டும் உண்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மூன்றிலும் நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பது மசமான். தாய்லாந்தின் முஸ்லிம் சமையலோடு தொடர்புடைய கறி இது. ஏலக்காய், கறுவா, கராம்பு, சாதிக்காய், நற்சீரகம், மல்லி ஆகியவற்றை வறுத்துச் சேர்ப்பதால், காய்ந்த மிளகாய் இருந்தும் நாக்கில் முதலில் படுவது வாசனைச் சரக்குகளின் சூடுதான். மலைநாட்டுக் கறித்தூளில் இருப்பவையும் பெரும்பாலும் இவைதானே என்று கேட்கலாம். எலுமிச்சைப் புல்லும் அரத்தையும் சேர்ந்து அந்தச் சரக்குகளுக்கு வேறொரு முகத்தைக் கொடுத்துவிடுகின்றன. அந்தச் சேர்க்கையை வீட்டில் வறுத்து, இடித்து, சமநிலைப்படுத்தி எடுப்பது நீண்ட வேலை. அந்த வேலையைப் பொதி நமக்காகச் செய்து தருகிறது. மேலும், காய்ந்த சரக்குகளின் வாசனை பொதிக்குள் அடைபட்டாலும் அதிகம் கெடுவதில்லை என்பதால், பேஸ்டைப் பாதியாகக் குறைத்த பின்னும் மசமானில் சுவை நிற்கிறது. நான் 25 கிராம் பேஸ்டுக்கு ஒரு கோப்பை கட்டிப்பாலும் ஒரு கோப்பை தண்ணிப்பாலும் எடுத்து, கையால் தட்டிய ஒரு தண்டு எலுமிச்சைப் புல்லும் ஒரு சிறு துண்டு கறுவாவும் கூடுதலாகப் போடுகிறேன்.

கோழித் தொடை, உருளைக்கிழங்கு, முழுதாகப் போட்ட சின்ன வெங்காயம், வறுத்த கச்சான் ஆகியவை மசமானுக்குரியவை. நமக்கு வெலிமடைக் கிழங்கு இருக்கும்போது வேறு கிழங்கைத் தேட வேண்டியதில்லை. ஆனால் கிழங்கு வேகும் நேரத்தைப் பொதியில் போட்டிருக்கும் அளவின்படி நம்பக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் அதைவிடச் சற்றே கூடுதல். கொதிக்கும் தண்ணீரின் சூடே குறைவு என்பதால் கிழங்கு வேகக் கொழும்பில் ஆவதைவிட நேரமெடுக்கும். புளியை முன்கூட்டியே ஊற்றிவிட்டால் இன்னும் மோசம். புளிப்பு கிழங்கை இறுகப் பிடித்து வேகவிடாமல் செய்யும். கிழங்கு முழுதாக வெந்து, கரண்டியால் அழுத்தினால் உடைகிற பதம் வந்த பிறகே புளிக்கரைசலைச் சேர்க்க வேண்டும். இனிப்புக்குச் சீனி வேண்டாம். தாய்லாந்தில் இந்தக் கறிகளுக்குப் போடுவது பனை அல்லது தென்னைப் பதநீரில் காய்ச்சிய வெல்லம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனங்கட்டி அதற்கு மிக நெருங்கியது. அது கிடைக்காதபோது கித்துள் கருப்பட்டியும் நன்றாகவே பொருந்துகிறது, நிறம் மட்டும் கொஞ்சம் கருக்கும். அப்பாயி இந்தக் கறியில் ரொட்டியைத் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “என்ன புள்ள, உறைக்கவே இல்ல, ஆனா வாசம் தூக்குதே” என்றார். தாய்லாந்திலும் மசமானை ரொட்டியோடு சாப்பிடும் வழக்கம் உண்டு. தோட்டத்து வீடுகளில் காலையில் சுடும் தேங்காய் ரொட்டி இதற்கென்றே செய்தது போல் இருக்கிறது.

பொதியின் தரத்தைவிடக் கறியின் தரத்தை அதிகம் தீர்மானிப்பது தேங்காய்ப்பால் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கட்டிப்பால் கடைசியாகச் சேரும். சேர்த்த பிறகு கொதிக்கவிடாமல், திரைந்துபோகாமல் கிளறிக்கொண்டே இருக்கச் சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். தாய்லாந்து முறை இதற்கு நேர்மாறானது. கட்டிப்பாலின் மேலே நிற்கும் ஆடையை முதலில் சட்டியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மினுமினுக்கும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயில் பேஸ்டை வதக்க வேண்டும். மிளகாயின் உறைப்பும் எலுமிச்சைப் புல்லின் வாசனையும் கொழுப்பில் கரைபவை என்பதால், இவ்வாறு வதக்கினால் குறைந்த அளவு பேஸ்டிலிருந்தே கூடுதல் வாசனை வெளிவருகிறது. உறைப்பைக் குறைக்க நினைப்பவர்கள் விட்டுவிடக் கூடாத படி இது. பச்சை வாசம் போய், பேஸ்ட் நிறம் மாறி, எண்ணெய் கக்கும்போதுதான் இறைச்சியையும் தண்ணிப்பாலையும் சேர்க்க வேண்டும்.

இந்த விடயத்தில் மலைநாட்டுக் குளிர் நமக்கு ஒரு வசதியைச் செய்து தருகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நம் வீடுகளில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாக இறுகி நிற்பதைப் பார்க்காதவர் இல்லை. பிழிந்த கட்டிப்பாலை ஒரு குளிர்ந்த இரவு முழுவதும் மூடி வைத்தால், காலையில் கொழுப்பு மேலே தடித்த ஆடையாக எழும்பி நிற்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்து அப்படியே சட்டியில் போடலாம். பெட்டியில் அடைத்து வரும் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் பிரியாமல் இருப்பதற்கான பொருள்களைக் கலந்திருப்பதால், எவ்வளவு காய்ச்சினாலும் எண்ணெய் பிரிவது கடினம். தேங்காய்ப்பால் மாவிலும் அதே நிலைதான். அவற்றைப் பயன்படுத்துபவர்கள் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பேஸ்டை வதக்கிவிட்டுப் பிறகு பாலைச் சேர்த்தால் குறை பெரிதாகத் தெரியாது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாயைத் தொட்டபோது பல வீடுகளில் மாவுக்கு மாறினார்கள். ஆகவே இதைக் குறையாகச் சொல்லாமல் வழியாகவே சொல்கிறேன்.

பச்சை வகையைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. பச்சைக் கறியின் உயிர் பச்சையான வாசனையில் இருக்கிறது: பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல், கொத்தமல்லி வேர், காஃபிர் எலுமிச்சையின் தோலும் இலையும். இவை பதப்படுத்திப் பொதிக்குள் போன பிறகு உறைப்பும் உப்பும் மட்டுமே முழுப் பலத்தோடு மிஞ்சுகின்றன, வாசனை மங்கிவிடுகிறது. பொதியைத் திறந்தபோது பேஸ்ட் காய்ந்த புல்லின் நிறத்தில் இருந்தது; மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வந்தது உப்பும் இறாலும் கலந்த நெடி, எலுமிச்சையின் மணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. உறைப்பு வேண்டியவர்களுக்கு இது போதலாம். உறைப்பைக் குறைக்க விரும்புவோருக்கு, அதாவது வாசனைக்காகவே வாங்குவோருக்கு, இதில் பயன் மிகக் குறைவு.

அதே வாசனைப் பொருள்களோ நம் வாசலிலேயே இருக்கின்றன. எலுமிச்சைப் புல்லைச் சந்தையில் ‘சேர’ என்று அதன் சிங்களப் பெயரால் கேட்டால் கட்டாகத் தருவார்கள். பல வீட்டுத் தோட்டங்களில் புதராகவே நிற்கிறது. காஃபிர் எலுமிச்சையும் நமக்குப் புதியதன்று. மேடும் பள்ளமுமான தோலோடு, ஒன்றின் நுனியில் இன்னொன்று ஒட்டியது போன்ற இரட்டை இலையோடு நிற்கும் இந்த மரத்தைச் சிங்களத்தில் குடலு தெஹி என்பார்கள். அட்டை ஏறாமலிருக்க அதன் சாற்றைக் காலில் பூசும் வழக்கம் இலங்கையில் உண்டு. அந்த இலையைக் கிழித்து முகர்ந்தால் பொதியில் இல்லாதது எது என்பது உடனே விளங்கிவிடும். அரத்தை மட்டுமே சிக்கல். நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த துண்டுகளாக விற்கும் சித்தரத்தையில் மருந்து நெடி தூக்கலாக இருக்கும். தாய்லாந்தில் போடுவது பேரரத்தை. பச்சையாகப் பேரரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சியைக் குறைவாகச் சேர்த்துக்கொள்வதே சித்தரத்தையை அள்ளிப் போடுவதைவிட மேல்.

அம்மியிலோ மிக்சியிலோ அரைப்பதானால், பச்சை மிளகாயில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, விதையும் உள்ளே ஓடும் வெள்ளை நரம்பும் நீக்கிய கறிமிளகாயைச் சேர்த்தால் நிறமும் மிளகாயின் மணமும் கிடைக்கும், உறைப்பு இராது. மிளகாயின் உறைப்பு பெரும்பாலும் அந்த வெள்ளை நரம்பில்தான் தங்கியிருக்கிறது. அதோடு சின்ன வெங்காயம், வெள்ளைப்பூண்டு, எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, வேரோடு கொத்தமல்லி, சிறிது மல்லியும் நற்சீரகமும், ஒரு சிட்டிகை வெண்மிளகு. இறாலுக்குப் பதில் மாசித்தூள் கொஞ்சம் போட்டால் அந்த ஆழம் வந்துவிடுகிறது. கறியில் போடுவதற்குத் தாய்லாந்தில் தேடும் சிறு கத்தரி வகைகளுள் ஒன்று நம் சுண்டங்காயேதான். இறக்கும்போது தூவ வேண்டிய இலைக்குத் துளசியைப் போட வேண்டாம், அதன் கார மணம் இங்கே பொருந்தாது. திருநீற்றுப்பச்சை நெருங்கி வரும். தாய்லாந்தில் பச்சைக் கறியை அரிசி மாவில் பிழிந்த மெல்லிய நூடில்சோடும் உண்பார்கள் என்பதால், இடியப்பத்தோடு பரிமாறுவதற்கு நாம் தயங்க வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் சோற்றைவிட இடியப்பத்தோடுதான் இது அதிகம் செலவாகிறது.

மஞ்சள் வகை மூன்றிலும் உறைப்புக் குறைந்தது. பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். ஆனால் மஞ்சளும் கறித்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சுவை நம் சொதிக்கும் உருளைக்கிழங்குப் பால்கறிக்கும் மிக அருகில் நிற்கிறது. நன்றாகச் சொதி வைக்கத் தெரிந்தவர், அதில் ஒரு தண்டு எலுமிச்சைப் புல்லையும் சிறிது பனங்கட்டியையும் போட்டால் பொதியின் சுவையை ஏறக்குறைய எட்டிவிடலாம்.

விலையைப் பொறுத்தவரை, இவை உள்ளூர்க் கறித்தூளைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பெரிய டப்பாவை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் மாதக்கணக்கில் வைப்பதைவிட, 50 கிராம் உறைகளாக வாங்குவது சிறந்தது. பாதியளவில் சமைத்தால் ஓர் உறை இரண்டு முறைக்கு வரும். மீதிப் பாதியைக் காற்றுப் புகாமல் மடித்து, சின்னப் போத்தலில் அடைத்து உறைநிலைப் பெட்டியில் வைத்தால் கெடாது. பெட்டி வசதி இல்லாத வீடுகளில், முழு உறையையும் ஒரே நாளில் இரண்டு சட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் கோழியும் மற்றதில் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்த சோயா மீற்றும் போட்டுச் சமைக்கலாம். மசமான் மறுநாள் சூடாக்கும்போது இன்னும் நன்றாக இருக்கும். பச்சைக் கறியைச் சமைத்த நேரத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.