ஜெல்லா, மாய்ஸ்சரைசரா, ஈஸ்ட்ரோஜன் க்ரீமா?

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து யோனி வறட்சியால் உறவின்போது எரிச்சல் தொடங்கியது. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று கொஞ்ச நாள் ஓட்டினேன். அப்புறம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்து, கடைசியில் க்ரீமில் நின்றுவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜெல் உறவுக்குச் சற்று முன் தடவுவது. உராய்வு குறையும், அவ்வளவுதான். மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் வயதிலும், பால் கொடுக்கும் மாதங்களிலும் வருகிற வறட்சிக்குப் பெரும்பாலும் இதுவே போதும். எண்ணெய் கலந்த ஜெல் மட்டும் லேட்டக்ஸ் ஆணுறையைக் கெடுத்துவிடும். மாதவிலக்கு தாறுமாறாக வரும் கடைசி வருடங்களிலும் கரு தங்கலாம் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

மாய்ஸ்சரைசர், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் யோனிக்குள் வைப்பது. உட்காரும்போது, நடக்கும்போது இருந்த உறுத்தல் எனக்கு இதில் நன்றாகவே குறைந்தது. உறவின்போது வலி அப்படியே இருந்தது.

மெனோபாஸில் வரும் உடல் சூடு பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் தணிந்துவிடும். வறட்சி அப்படியில்லை, கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் யோனியின் உட்சுவர் மெலியும், நல்ல பாக்டீரியாக்கள் குறையும். முன்பு 3.8 முதல் 4.5 வரை இருந்த பிஹெச் 5-ஐத் தாண்டும், அதாவது அமிலத்தன்மை குறையும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கும் இது ஒரு காரணம். ஜெல்லும் மாய்ஸ்சரைசரும் இந்த மூலத்தைத் தொடுவதில்லை, க்ரீம் தொடுகிறது.

ஆனால் அதை விடாமல் வைக்க வேண்டும். எனக்குச் சொன்ன முறை: முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். இது தெரியாமல் மூன்றாவது வாரமே வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். மறுபடி தொடங்கி, சரியானதும் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்தினேன். சில மாதத்தில் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. பல் துலக்குவதை யாராவது அப்படி நிறுத்துவார்களா? இப்போது புதனும் ஞாயிறும், படுக்கப் போகும்போது.

ஹார்மோன் என்றதும் எனக்கும் பயம்தான். 2002-இல் வெளிவந்து பெரிய அச்சத்தைக் கிளப்பிய அமெரிக்க ஆய்வு வாய்வழி ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றியது. குறைந்த அளவில் உள்ளே வைக்கும் க்ரீமிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, அவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் முதலில் பரிசோதனை, க்ரீமெல்லாம் அப்புறம்.

உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, வளையம் இரண்டும் நான் பயன்படுத்தியதில்லை. யோனிக்கான லேசர் சிகிச்சை பக்கம் போகவில்லை, 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதுபற்றி எச்சரித்திருந்தது. ஆசை குறைவதற்கு க்ரீம் மருந்தல்ல. வலிக்குமோ என்ற பயம் போனதில் எனக்குப் பாதி திரும்பியது, மற்றவர்களுக்கு எப்படியோ.

உறவுக்குச் சற்று முன் க்ரீம் வைப்பதில்லை, வைத்தால் துணையின் உடலிலும் படும். அதற்கு அந்தப் பழைய ஜெல் இன்னும் அலமாரியில் இருக்கிறது.